சேலைக்கு வெயில், கல்லுக்கு நிழல்

இலங்கை போய் வந்ததிலிருந்து காஞ்சிபுரத்தில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. விரலைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவராம். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நிமிஷமே என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, நீலக்கல் மோதிரம் ஒண்ணும் காணோம்?"

இலங்கைக்குப் போகிறவர்கள் ஒரு கல்லாவது இல்லாமல் திரும்ப மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நானும் அந்த ஆசையோடுதான் போனேன், மறைப்பானேன்? அந்த மோதிரம் ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

கண்டியில் என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டில் போட் மெயில் ரயிலைப் பிடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். நான், என் கணவர், கூடவே கஜேந்திரன்.

கஜேந்திரன் என் கணவரின் சித்தப்பா மகன். எங்கள் ஊரிலேயே நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்காரன். கோயில் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களைப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போய்த் தரகு வாங்குவது அவன் தொழில். வடநாட்டு யாத்ரீகர், வெள்ளைக்காரர், யாரானாலும் சரி... பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு நிற்பான். "நெசவுக்காரர் வீட்டு விலை", "இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்கிற இரண்டு வாக்கியங்களை ஐந்து பாஷையில் சொல்லத் தெரியும்.

அவன் எங்களோடு வந்ததற்குக் காரணம் உண்டு. மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு கட்டுப் பட்டுச் சேலை எடுத்து, வரி கட்டி, அதைக் கண்டியில் விற்று வசந்தாவுக்கு நகை வாங்கத் திட்டம். அந்தக் கட்டு போனால் கல்யாணம் போச்சு. இரவு ரயிலில் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தான்.

கண்டியில் நாத்தனார் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பேராதனையில் ஒரு டாக்டர் வீட்டு அம்மாள் சேலை பார்க்க வரச் சொல்லியிருந்தார். என் கணவர் முதல் நாள் இடியாப்பத்தோடு கொஞ்சம் அதிக நட்பு பாராட்டியதால் படுக்கையில் இருந்தார். நானும் கஜேந்திரனும் சேலைக் கட்டோடு டாக்ஸி பிடித்துக் கிளம்பினோம்.

பாதி வழியில் டிரைவர் வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார். ரத்தினக் கற்கள் விற்கிற வீடாம். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம், வாங்க வேண்டிய அவசியமே இல்லை, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்றார்.

கஜேந்திரன் என் பக்கம் குனிந்து மெல்லச் சிரித்தான். "அண்ணி, இவனும் நம்ம தொழில்தான். தரகு வாங்குறவன். என்கிட்டயே கதை விடறான் பாருங்க."

"அப்ப எதுக்கு இறங்கறே?"

"சும்மா பாப்போம் அண்ணி. எனக்குத் தெரியாத வித்தையா?"

எங்கள் ஊரில் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு பட்டுக் கடைக்குள் நுழைந்திருப்பார்கள்!

உள்ளே அரை இருட்டு. ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. மேஜைமேல் கறுப்பு வெல்வெட் துணி, அதன்மேல் ஒரு விளக்கு. வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாகப் பார்க்க நம் உறவினர் மாதிரியே இருந்தார். பால் நிறைய ஊற்றிய டீ வந்தது.

"காஞ்சிபுரமோ? காமாட்சி அம்மன் கோயிலுக்கு ரெண்டு தரம் வந்திருக்கிறன். நல்ல சனங்கள்" என்றார்.

அவ்வளவுதான். நான் பாதி விழுந்துவிட்டேன். வெளிநாட்டில் நம் ஊர்ப் பெயரை ஒருவர் சொன்னால் மனசு என்னமாய் இளகிவிடுகிறது! அதே மனிதர் நம் தெருவில் வந்து சொன்னால், 'அதுக்கென்ன இப்ப?' என்று கேட்டிருப்போம்.

வெல்வெட் துணியில் நீலக் கற்களைப் பரப்பினார். விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. அந்தச் சமயம் பார்த்து கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். தானும் மெட்ராஸ்தான் என்றார். வருஷா வருஷம் இங்கே கல் வாங்கிப்போய் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கிறாராம். நாங்கள் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

நான் கஜேந்திரனைப் பார்த்தேன். சிரிப்பைக் காணோம். கண் கற்களிலேயே நின்றுவிட்டது. மனசுக்குள் வசந்தாவின் நகையை இரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட பணம் இல்லீங்களே" என்றான் ஏக்கமாக.

"பணம் ஏன் தம்பி? உந்தக் கட்டில இருக்கிறது பட்டுத்தானே? என்ர தங்கச்சிக்கும் கலியாணம் வருது. சேலையைத் தாங்கோ, கல்லைக் கொண்டு போங்கோ" என்றார் அவர். எனக்கும் ஒரு சின்ன நீலக் கல்லை எடுத்து நீட்டினார். "இது அக்காவுக்கு. சும்மா."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. விரலில் வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

கஜேந்திரன் கட்டைப் பிரித்தான். அவர் மேலே இருந்த மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து, வெயிலில் பிடித்து, முந்தானையை உதறிப் பார்த்தார். ஜரிகையை நகத்தால் சுரண்டினார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த சேலையை எடுத்தார்... அதற்கும் வெயில்.

அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் ஊரில் பட்டு பார்க்கிற முறையே அதுதானே! எந்தப் பெண்பிள்ளையும் டியூப்லைட்டை நம்பி முகூர்த்தச் சேலை எடுக்க மாட்டாள். கடைக்காரர் முகம் கோணினாலும் சரி, சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள். வெயிலில் பார்த்தால்தான் சாயம் தெரியும், ஜரிகை தெரியும்.

கல்லை ஓர் உறையில் போட்டு, அதை மூடி ஒட்ட அரக்கை உருக்கத் தொடங்கினார் அவர். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷம்.

"கஜா, கல்லையும் வாசல்ல எடுத்துக்கினு போய்ப் பாத்துடுபா" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "வேண்டாம் அக்கா. நீலத்துக்கு வெயில் ஆகாது. நிறம் வெளிறிப்போயிடும். மெட்ராசுக்குப் போய்த்தான் உறையைத் திறக்கோணும்."

"வெயிலே ஆகாதா?"

"ஓம் அக்கா. கூடவே கூடாது."

"அப்ப மோதிரம் பண்ணிப் போட்டுக்கினு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவக் கூடாதா?"

நான் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம். எங்கள் ஊர் வெயில் அப்படி! அவரோ விளக்கைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்தார்.

கஜேந்திரனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எத்தனை வருஷமாகத் தரகு வாங்குகிறவன்! வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. சேலையை வாசலில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு இவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்பது இவனுக்குத்தானே தெரியும்? சேலைகளை மடித்தான். கட்டைக் கட்டினான். தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றான்.

நான் கையிலிருந்த கல்லை மேஜைமேல் வைத்தேன். கொஞ்சம் மனசில்லாமல்தான்.

வீட்டுக்காரரின் அந்த உறவினர் முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. டீக்குக் காசு கேட்டார்! டிரைவர் எங்களை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். பேராதனை வரைக்கும் நடை. கஜேந்திரன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ரொம்ப தூரம் போன பிறகு, "தலகாணியா வெச்சிக்கினு வந்தேன் அண்ணி... கொடுக்க இருந்தேனே" என்றான். கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கியது.

டாக்டர் வீட்டு அம்மாள் முதல் காரியமாக என்ன செய்தார் தெரியுமா? மயில்கழுத்தை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து வாங்கியதில், கட்டில் ஒரு சேலைகூட மிச்சமில்லை.

அந்தக் கற்கள் நிஜமா, கண்ணாடியா? எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் வெளிநாடு போகலாம், தப்பில்லை. நாம் போகச் சொல்லாத கடைக்கு வண்டி போகிறதா, இறங்கவே இறங்காதீர்கள். ஊருக்குப் போனால் இரண்டு மடங்கு விலை என்கிறார்களா? அப்படியானால் விற்கிறவரே ஏன் நம் ஊருக்கு வந்து விற்கவில்லை? நம் பொருளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தன் பொருளை மூடி ஒட்டிக் கொடுக்கிறாரா... டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஏமாற்றுகிற வித்தை தெரியாதவர்கள் பயந்து பயந்து தப்பித்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர்கள்தான் தைரியமாக உள்ளே போகிறார்கள்.

போன திங்கட்கிழமை சன்னதித் தெருவில் கஜேந்திரனைப் பார்த்தேன். வெள்ளைக்காரத் தம்பதிக்காகத் தானே ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் விரித்தான். உள்ளே கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கஜா, தரகு போயிடப் போவுது" என்றேன்.

"போனா போவுது அண்ணி. அவங்களுக்கும் வீட்ல பொண்ணு இருக்குமில்ல?"

வெள்ளிக்கிழமை வசந்தாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்தலில்கூட ஒருத்தி என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மணப்பெண் கழுத்தைப் பார் என்று திருப்பிவிட்டேன். கல் வைக்காத இரட்டை வடச் சங்கிலி. தாராளமாக வெயிலில் பார்த்துக்கொள்ளலாம்!