சேறு இல்லாத சேற்றுத் தொட்டி

1. வாளி

மீன் பண்ணைக்காரர் லிம் ஒரு வாளியைத் தூக்கிவந்து, என் மேசையில் விரித்திருந்த டிராயிங்மேலேயே வைத்தார். உள்ளே செந்நிறத் தண்ணீர். அதில் குட்டி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"உன் மலை என் குளத்துக்கு வந்துடுச்சு," என்றார். நாங்கள் பேசிக்கொண்டது சந்தை மலாயில். இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். பூன் லே பக்கம் அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு செம்மண் குன்றை வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டிய மண் மழையில் கரைந்து வெளியே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது இதற்குப் பயிற்சி, சான்றிதழ், நீளமான பட்டம் எல்லாம் உண்டு. அன்று எனக்குக் கிடைத்த பட்டம் 'சேத்து சூப்பர்வைசர்'. கொடுத்தவர்கள் லாரி டிரைவர்கள்.

சரிவில் புல் பத்தைகளைப் பதித்து மூங்கில் ஆணி அடிப்போம். வாய்க்கால் ஓரங்களில் பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கம்பு நட்டுச் சாக்கு கட்டுவோம். சாக்குகள் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளிலிருந்து வரும். மிளகாய்ச் சாக்கு வந்த நாளில் சைட் முழுக்கத் தும்மல்தான். எல்லா வாய்க்காலும் கடைசியில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில் வந்து விழும். சில்ட் டிராப் என்போம். சேறு அதன் அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் வெளியே ஓடைக்குப் போகும். அந்த ஓடையிலிருந்துதான் லிம்மின் ஐந்து குளங்களுக்கும் தண்ணீர். கப்பி என்ற வண்ண மீன் வளர்த்து, சாங்கி விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பிவந்தார். பண்ணையில் அவரும் மனைவியும் மட்டும்தான். அதைவிட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அவரை நேரே தொட்டிக்கு அழைத்துப் போய்க் குச்சியை விட்டுக் காட்டினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குக்கூடச் சேறு இல்லை.

"பாத்தீங்களா தவுக்கே? எவ்வளவு சுத்தம். உங்க சேறு வேற எங்கிருந்தோ வருது."

தவுக்கே என்றால் முதலாளி. எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

2. காகிதம்

லிம் அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவிட்டார். எங்கள் சைட் இன்ஜினியர் சிவஞானம் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், பேச்சை அளந்து பேசுபவர்.

"அருள், நீர் பார்த்ததை எழுத்திலை தாரும். நான் மேலிடத்துக்கு அனுப்புறன்."

நான் அழகாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தொட்டி பரிசோதிக்கப்பட்டது, சேறு தேங்கவில்லை, தளத்திலிருந்து மண் வெளியேறவில்லை. கீழே என் கையெழுத்து. அந்த ஒரு பக்கத்தோடு லிம்மின் புகார் மூடப்பட்டது.

அதன் நகல் அவருக்கும் போயிற்று. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, என்னையே படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் நல்லா இருக்கு லா," என்றார். "உன் பூட்ஸும் நல்லா இருக்கு. நேத்து அவ்வளவு மழை. ஒரு பொட்டுச் சேறு இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. "அடுத்த மழையில வந்து பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3. மழை

சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழை பிடித்தால் மெஷின்கள் நின்றுவிடும், எல்லாரும் காங்சி என்ற தகரக் கொட்டகைக்குள் போய் டீ குடிப்போம். மழை விட்டதும் புல்டோசர் வந்து லாரிப் பாதையைச் சமப்படுத்தும். அதன்பிறகுதான் நான் தொட்டியைப் பார்க்கப் போவேன். பல வருடம் அப்படியேதான் செய்துவந்தேன். மழைக்குப் பொறுப்பான ஆள் மழையையே பார்த்ததில்லை.

அடுத்த மழை ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க, சேத்து சூப்பர்வைசர்? குளிக்கவா?" என்று ஒரு டிரைவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

தொட்டிக்குப் போனேன். உள்ளே வந்த நீர் கொஞ்சம்தான், அதுவும் தெளிவாகவே இருந்தது. நான் எழுதியது சரிதான் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: இவ்வளவு மழைக்கு, இந்தக் குன்றிலிருந்து வரும் நீர் ஏன் இவ்வளவு கொஞ்சம்?

வாய்க்காலை ஒட்டி மேலே நடந்தேன். லாரிகள் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் அடியில் ஒரு குழாய் போட்டு மேலே மண் நிரப்பியிருந்தோம். குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல்பக்கம் செம்மண் நீர் டீ நிறத்தில் பொங்கி, லாரிப் பாதையில் ஏறி, தொட்டியைத் தொடாமலே ஓடைக்கு இறங்கியது. ஒவ்வொரு மழையிலும் இதுதான் நடந்திருக்கிறது. மழை விட்டதும் புல்டோசர் அந்தத் தடத்தை அழித்திருக்கிறது. அங்கே அந்தச் சின்னக் குழாய் போதும் என்று சொன்னவன் நான்தான்.

கிடைத்த சாக்குகளை அள்ளிக்கொண்டு பண்ணைக்கு ஓடினேன். லிம்மும் மனைவியும் முழங்கால் நீரில் நின்று மதகில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். லிம் ஒரு சாக்கை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். "மிளகாய். இது வேணாம். அரிசிச் சாக்கு குடு."

மூன்று குளங்களைக் காப்பாற்றினோம். இரண்டு சிவந்துவிட்டன. அதில் ஒன்றில்தான் அவர் தாய் மீன்களை வைத்திருந்தார். அவர் மனைவி கரையில் உட்கார்ந்து அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

4. இன்னொரு காகிதம்

நனைந்தபடியே இன்ஜினியர் அறைக்குப் போனேன்.

"சார், போன ரிப்போர்ட் தப்பு. இன்னொண்ணு எழுதணும்."

"அது அனுப்பியாச்சு. நீர்தானே கையெழுத்து வைச்சனீர்?"

"ஆமா சார். அந்தக் குழாய் போடச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதுறேன்."

சிவஞானம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதினா உம்மடை வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"தெரியும் சார்."

"அப்ப எழுதும். நாளைக்குக் காலமை அந்தக் குழாயைத் தோண்டி எடும். பெருசா ரெண்டு போடுவம்."

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வரவேண்டிய பதவி உயர்வு சில வருடம் தள்ளிப்போனது. லிம்மின் புகாரை அதிகாரிகள் மறுபடி எடுத்தார்கள். செத்த மீனுக்கு எங்கள் கம்பெனி பொறுப்பேற்றது. தாய் மீன்களை அவர் முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காகிதத்தின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். என் பூட்ஸைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது.

"இந்தக் காகிதம் சரி லா," என்று சொல்லி, பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தொட்டி நிறையச் சேறு இருந்தால் கவலைப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. தொட்டி சுத்தமாக இருந்தால் சேறு எங்கே போனது என்று தேடுங்கள், அதுவும் மழை பெய்யும்போதே. பிறகு நான் பெரிய பொறுப்புகளுக்கு வந்து எத்தனையோ சைட்டுகளைச் சுற்றிப் பார்த்தேன். யாராவது சுத்தமான தொட்டியைப் பெருமையாகக் காட்டினால், நான் முதலில் அவர் காலைத்தான் பார்ப்பேன்.