லாரியின் கொட்டாவி

அமலி அக்கா வீட்டில் ரசம் ஊற்றும்போதும் "ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுகிறார் என்பது அவர் கணவர் ஜேசனின் புகார். பன்னிரண்டு வருடங்களாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லும் வார்த்தை. கரண்டியைத் தூக்கினாலும் வந்துவிடுகிறது.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக் கிராமங்களுக்குப் போகும் சாலையில், எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருக்கும் பெட்ரோல் பங்கில்தான் அவருக்கு வேலை. அதற்கு முன்னால் இரண்டு வருடங்கள் ஒரு சாக்லேட் கடையில் பெட்டி கட்டினார். அந்த இனிப்பு வாசனை தலைக்கு ஏறி, கனவில்கூட பாதாம் வந்ததாம். பங்கில் ஆள் தேவை என்று அட்டை தொங்குவதைப் பார்த்தவர், கட்டிக்கொண்டிருந்த பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கேட்டார். அப்போது இந்தப் பக்கத்தில் எந்தப் பங்கிலும் பெண்கள் இல்லை. முதல் வாரம் தாண்டிக்குடி ஜீப் டிரைவர் ஒருவர், "ஏம்மா, ஒனக்கு டீசல் எது பெட்ரோல் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க ஜீப்பு டீசல்தாண்ணே. உங்க பேச்சுதான் கலப்படம்."

அந்த டிரைவர் இன்றைக்கும் வேறு பங்குக்குப் போவதில்லை.

போன ஜனவரியில் பழைய மேற்பார்வையாளர் ஊருக்குப் போய்விட, அமலி அக்காவைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். முதலாளி திண்டுக்கல்லில் இருக்கிறார். "மே மாசம் வரைக்கும் பாப்போம்" என்று சொல்லி, கழுத்து அட்டையில் பதவிக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று அச்சடித்துக் கொடுத்தார். அமலி அக்கா அந்த அட்டையை எப்போதும் சட்டைப் பைக்குள் பாதி செருகி வைத்திருப்பார். பதவி மட்டும் வெளியே தெரியும்.

நான் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பு ஜன்னல் பங்கைப் பார்த்து இருக்கிறது. பெட்ரோல் லாரி வரும் செவ்வாய், வெள்ளி என்றால் முதல் பாடவேளையில் பெட்ரோல் வாசனை உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். இரண்டு பேருக்குத் தலைவலி வந்து, பெற்றோர் கேட்க வந்தார்கள். தலைமையாசிரியை ஆக்ஸிலியா மேடம் முதலாளிக்கு ஒரு கடிதம் தயார் செய்தார். அனுப்புமுன் ஒருமுறை நேரில் சொல்லிவிடலாம் என்று ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை என்னை அனுப்பினார். எனக்குச் சண்டை போட வராது. அதனால்தான் அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அமலி அக்கா முகம் சுருங்கிவிட்டது. "லெட்டரா? மிஸ், அது முதலாளி கைக்குப் போச்சுன்னா மே மாசம் வரைக்கும்கூட இல்ல. கீழயிருந்து ஒரு ஆளக் கொண்டாந்து உக்கார வச்சுருவாரு. ஆவி பிடிக்கிறதுக்குன்னு புதுசா எல்லாமே போட்டாச்சே!"

என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். லாரியிலிருந்து பெட்ரோல் தரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கு இறங்கும்போது, தொட்டிக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளப்படும். அதை வீணாக வெளியே விடாமல், இன்னொரு தடித்த குழாய் வழியாகத் திரும்ப லாரிக்குள்ளேயே அனுப்புகிறார்கள். அதற்கு வேப்பர் ஹோஸ் என்று பெயர். குளிர் காலையில் அது விறைத்துப்போய்க் கிடக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் வளைக்க வேண்டும். "ஒரு நாள்கூட மாட்டாம விட்டதில்ல மிஸ், நம்புங்க."

நம்பினேன். அடுத்த வெள்ளி வரைக்கும் கடிதத்தை நிறுத்தி வைக்கும்படி மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். "அன்னைக்கு நானே வந்து உன் கிளாஸ்ல உக்காருவேன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலி அக்கா தன் தம்பியை வீடியோவில் அழைத்தார். ஆக்னலுக்கு வெளிநாட்டில் ஒரு எண்ணெய் வயலில் வேலை. ஆவி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் சோலியே. கண்ணுக்குத் தெரியாத ஆவி அவன் கேமராவில் கறுப்புப் புகையாகத் தெரியுமாம். நானும் அன்று பக்கத்தில் இருந்தேன். வெறும் வாசனையோடு போகிற விஷயமில்லை என்று அவன் சொன்னான். பெட்ரோல் ஆவி காற்றில் கலந்து, வண்டிப் புகையோடு சேர்ந்து வெயிலில் காய்ந்தால், நெஞ்சை அரிக்கிற வேறொரு காற்றாக மாறிவிடும். வயலில் அதைக் குறைப்பதற்காகவே அவனைப் போல ஐம்பது பேர் அலைகிறார்கள்.

"கோக்கர்ஸ் வாக்குல நின்னு கீழ பாத்தா வத்தலக்குண்டுக்கு மேல பழுப்பா ஒரு போர்வ கெடக்குமே, அது மாதிரியாடா?"

"அதேதான்க்கா. அந்தப் போர்வைக்கு நீயும் ரெண்டு நூலு குடுக்குற."

"வாய மூடுடா. வழியச் சொல்லு."

"சோப்புத் தண்ணி போட்டு இணைப்பு ஒவ்வொண்ணயும் பாரு. நுரை முட்டை விட்டா அங்கதான் ஓட்டை."

திங்கட்கிழமை வெள்ளனே ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் பழைய ஷேவிங் பிரஷ்ஷுமாக அமலி அக்கா இறங்கினார். குழாய், இணைப்பு, தொட்டி மூடி, நாசில் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு முட்டைகூட வரவில்லை. பங்க் முழுக்கச் சுத்தமாகப் பளபளத்ததுதான் மிச்சம். டூரிஸ்ட் பஸ்காரர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்து, "மினிஸ்டர் வர்றாராம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாலையில் அவர் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "மிஸ், ஒரு உதவி. எனக்கு பெட்ரோல் வாசனையே தெரியாது. பன்னெண்டு வருஷத்துல மூக்கு செத்துப்போச்சு. ஆக்னலுக்குக் கேமரா இருக்கு. எனக்கு உங்க பிள்ளைங்க மூக்கக் குடுங்க."

பங்குக்குள் கைப்பேசி கூடாது. அதனால் சைகைதான் வழி. மேசை துடைக்கும் மஞ்சள் துணியை ஒரு அடிக்கோலில் கட்டினோம். வாசனை வந்தால் ஜன்னலில் ஆட்ட வேண்டும், போனால் இறக்க வேண்டும். யார் ஆட்டுவது என்பதில் வகுப்பில் பெரிய போட்டி. கடைசியில், அடுத்த பெஞ்சில் யார் டப்பாவில் என்ன சாப்பாடு என்று திறக்காமலே சொல்லக்கூடிய சுபஸ்ரீயைத் தேர்ந்தெடுத்தோம்.

செவ்வாய் ஒன்பதரைக்கு லோடு வந்தது. ஓட்டுநர் பொன்னுவேல் அண்ணன் அய்யம்பாளையத்துக்காரர். மதுரைப் பக்கத்திலிருந்து லோடு ஏற்றி, அத்தனை வளைவும் ஏறி வந்து நிறுத்தியதும், ஒரே வார்த்தை சொல்லுவார். "அமலி, வண்டி கொட்டாவி விடட்டும்." சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவார். உடனே அமலி அக்கா ஏணியில் ஏறி, லாரி முதுகில் உள்ள மூன்று மூடிகளையும் திறந்து வைப்பார். அந்த மலைச் சாலையில் வருகிற லாரிகளுக்கெல்லாம் இது பழக்கம். கீழே வெக்கையில் ஏற்றிய பெட்ரோல் ஏறி வரும்போது உள்ளே முட்டிக்கொண்டிருக்குமாம். டீயும் பன்னும் முடியும் வரை மூச்சு விட்டால்தான் கோல் விட்டுப் பார்க்கும்போது அளவு சரியாக வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து அமலி அக்காவும் அப்படியே செய்து வந்தார். பெட்ரோல் இறங்கும்போதும் மூடிகள் திறந்தேதான் கிடக்கும். வெரசா இறங்குமாம்.

அன்றைக்கு முதல் மூடியைத் திறந்தார். வகுப்பில் சுபஸ்ரீயின் மூக்கு சுருங்கியது. துணி ஆடியது.

லாரி முதுகில் நின்ற அமலி அக்கா துணியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குழாய் இன்னும் மாட்டவே இல்லை. கையில் இருந்த மூடியைப் பார்த்தார். மெதுவாக அதை மூடினார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சுபஸ்ரீ துணியை இறக்கினாள். அமலி அக்கா திரும்பத் திறந்தார். துணி ஏறியது. மூடினார். இறங்கியது. நான்காவது தடவை பிள்ளைகள் எல்லாரும் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார்கள். அமலி அக்கா லாரி மேலேயே உட்கார்ந்து, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

இடைவேளையில் வந்தவர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். "ஊரெல்லாம் தேடினேனே மிஸ், மூடி என் கையிலல்லா இருந்துருக்கு! அம்புட்டுப் பாடுபட்டு கீழ ஆவியப் பிடிச்சு லாரிக்கு அனுப்புறேன். அது மேல வழியா ஜம்முனு வெளிய போகுது. நானே திறந்து விட்டுட்டு, நானே சோப்புப் போட்டுத் தேடியிருக்கேன்."

ராத்திரி இதைக் கேட்ட ஆக்னல் சிரித்த சிரிப்பில் கைப்பேசித் திரையே குலுங்கியதாம். அவன் வயலிலும் பெரிய கசிவுகளில் பாதி அப்படித்தானாம். எந்திரம் நன்றாக இருக்கும். அளவு பார்க்க டாங்கி மூடியைத் திறந்தவன் மூடாமல் போயிருப்பான்.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் பொன்னுவேல் அண்ணன் சம்மதிக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை லோடு வந்து நின்றதும் பேச்சு முற்றியது. எங்கள் ஜன்னல் வரை கேட்டது.

"கொட்டாவி விடாம அளவு எடுத்தா கொறையும் தாயி. கொறஞ்சா எம் பேருதான் கெடும்."

"மூடி வச்சே இருபது நிமிஷம் நிக்கட்டும்ணே. குலுங்கல் அடங்கினாப் போதும். பெறகு ஒவ்வொரு மூடியா திறந்து வெரசா பாப்போம்."

"இத்தன வருசமா ஓட்டுறேன். எனக்கே நீ லாரி சொல்லித் தர்றியா?"

"நான் சொல்லலண்ணே. அந்தா, மூணாங்கிளாஸ் சொல்லுது."

அவர் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு தலைகள் ஜன்னலில் இருந்தன. கடைசி பெஞ்சில் ஆக்ஸிலியா மேடம், மடியில் கடிதக் கவரோடு உட்கார்ந்திருந்தார். பொன்னுவேல் அண்ணன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "சரி. கொறஞ்சா ஒரு மாசம் எனக்கு டீ நீ வாங்கித் தரணும்."

"கூடினா?"

"கூடாது."

இருபது நிமிடம் லாரி வாயை மூடிக்கொண்டு நின்றது. அப்புறம் அமலி அக்கா ஏறினார். ஒரு மூடியைத் திறந்து, அளவுகோலை இறக்கி, எடுத்து, மூட அவர் வைத்துக்கொண்ட கணக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம். அந்த செபம் தெரியாத பொன்னுவேல் அண்ணன் கீழே நின்று "முருகா, முருகா" என்று எண்ணிக்கொண்டிருந்தார். முதல் அறையில் கோலின் ஈரம் சரியாக அளவுக் கோட்டில் நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயே ஈரம்.

"கூடிருச்சுண்ணே!"

"வெயில்ல பாக்காத, நெழல்ல பாரு" என்றார் அவர். நிழலிலும் அதேதான். மூடிகளைச் சாத்திக் குழாய்களை மாட்டினார்கள். பெட்ரோல் இறங்க ஆரம்பித்தது. அதுவும் வழக்கமான வேகத்தில்தான் இறங்கியது.

சுபஸ்ரீ கோலைத் தூக்கத் தயாராக வைத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது துணி விர்ரென்று ஆடியது.

லாரிப் பக்கம் நின்ற அமலி அக்காவின் முகம் வெளிறியது. வால்வை அடைக்கும்படி பொன்னுவேல் அண்ணனிடம் கையைக் காட்டிவிட்டு, எங்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார். கழுத்து அட்டை பையை விட்டு வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. 'தற்காலிகம்' நன்றாகத் தெரிந்தது.

"எங்கருந்துடி வருது? மூடி எல்லாம் சாத்தியிருக்கே!"

மேடம் எழுந்து வந்தார். "என்ன வாசனை சுபஸ்ரீ? நல்லா மோந்து சொல்லு."

"பூண்டு மேடம்."

கவுஞ்சியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த பிக்கப் ஒன்று சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. லோடு இறங்கி முடிந்தபின் டீசல் போடலாம் என்று காத்திருந்தார்கள்.

"பெட்ரோலுக்குத்தானே கொடி ஆட்டச் சொன்னோம்?" என்றேன் நான்.

"பெட்ரோல் வரவே இல்ல மிஸ்" என்றாள் அவள், குறையாக. "எம்புட்டு நேரந்தான் சும்மா நிக்கிறது?"

முதலில் சிரித்தது ஆக்ஸிலியா மேடம்தான். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அமலி அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு பங்குப் பக்கம் திரும்பி, "இறக்குங்கண்ணே!" என்று கத்தினார். மேடம் கவருக்குள் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, என் மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். அன்று மதியமே வேறொரு கடிதம் எழுதினார். இரண்டு வரிதான். இந்தக் கோடையில் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வாசனை வராமல் செய்த மேற்பார்வையாளருக்கு நன்றி என்று. அதை முதலாளிக்கு அனுப்பும் வேலையும் எனக்கே வந்தது. இந்த முறை எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஜூனில் புதிய அட்டை வந்தது. ஒரு வார்த்தை குறைவு. அதைப் பைக்குள் செருகாமல் முழுதாகத் தொங்கவிட்டுக்கொண்டு அமலி அக்கா எங்கள் பள்ளி கேட் வரை, ஏதோ சோலி இருப்பதுபோல் மூன்று முறை நடந்தார்.

பொன்னுவேல் அண்ணன் ஒரு மாதம் டீ வாங்கிக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே. இப்போது மற்ற லாரிக்காரர்களிடம், "என் வண்டி கொட்டாவி விடாதுப்பா, நல்லாத் தூங்கி எந்திரிச்சு வருது" என்கிறாராம். இரண்டு பேர் அதைக் கேட்டு மூடியைச் சாத்தப் பழகிவிட்டார்கள். வத்தலக்குண்டுக்கு மேலே அந்தப் பழுப்புப் போர்வை இன்னும் அப்படியே கிடக்கிறது. எங்கள் ஜன்னலைத் திறந்தால், செவ்வாய்க்கிழமைகளில், யூக்கலிப்டஸ் வாசனை வருகிறது.

ஜேசனின் புகார்ப் பட்டியல்தான் நீண்டுவிட்டது. ரசத்துக்கு ஜீரோ பார்த்தால் மட்டும் போதாதாம் இப்போது. ஊற்றின கையோடு மூடியையும் போட வேண்டுமாம்.