உதட்டில் அடித்த ஷாக்

லிஃப்ட்காரர் பகலெல்லாம் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பார். வேலை முடிந்து வந்து கை கழுவியதும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்கார்ந்துவிடுவார். மற்ற வீடுகளில் சோபா கிடக்கும் இடத்தில் அவர் வீட்டில் ஒரு நீள மேஜை. அதன்மேல் சால்டரிங் அயர்ன், வோல்ட் அளக்கும் மீட்டர், பாதி திறந்து கிடக்கும் ஏதாவது ஒரு பெட்டி. விருந்தாளி வந்தால் நாற்காலியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்ல முடியும். விருந்தாளிகள் குறைந்து போனதற்கு அவர் வேறு காரணம் சொல்வார்.

இத்தனை ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலும் வாசிப்பது ஒரே ஆள், அவர் மனைவி. பகலில் மருந்துக்கடையில் வேலை, விடுமுறை நாட்களில் ஒரு சின்னப் பாட்டுக் குழுவில் கிட்டார். மேடையில் பின்வரிசை. முன்னால் நிற்கும் பாடகி மூச்சு வாங்கும் இடங்களில் இவள் இரண்டு வரி சேர்ந்து பாடுவாள், அவ்வளவுதான். டிரம்ஸ் வாசிப்பது அவள் தம்பி. அவன் லிஃப்ட்காரரை மாமா என்று கூப்பிடுவான், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் காலை வாரிவிடுவான்.

ஃபில்டர் கதை அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் ஆரம்பித்தது. அந்த லிஃப்ட் மேலே ஏறும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குள் 'ஜ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனையாவது மாடியில் நிற்கிறது என்பதைக்கூட வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் கருவி கரண்ட் லைனில் குப்பை கொட்டுகிறது, அது ஒயர் வழியாக நம் பெட்டிக்குள் வருகிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்தக் குப்பையைத் தடுக்க ஃபில்டர் என்று ஒன்று உண்டு. சுருளும் கெப்பாசிட்டரும் அடைத்த சின்னத் தகர டப்பா. பெரிய சைஸில் அதை அவர் தினமும் பார்க்கிறவர்தானே. சின்னதாக ஒன்று வாங்கி, ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் நுழையும் வாசலிலேயே பொருத்தினார். லிஃப்ட் ஏறியது, இறங்கியது. பெட்டி வாயே திறக்கவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மிக்சிக்கும் ஒன்று போடலாமா என்று கேட்டார். மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அந்த வாரம்தான் குழுவின் பாடகி வேறு குழுவுக்குப் போனாள். அடுத்த நிகழ்ச்சிக்கு, ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் கூடும் விழாவுக்கு, முன்னால் நின்று பாடப்போவது யார் என்ற பேச்சு வந்தது. "அக்காதான் பாடணும்" என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்றவள் சரி என்றாள். சொல்லிவிட்டு வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அதைக் கேட்டுக்கொண்டே சால்டரிங் செய்தார். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாகியிருந்தது.

ஒத்திகை ஒரு வாடகை ஹாலில். புதிய ஃபில்டர் போட்ட பெட்டி, பழைய எக்ஸ்டென்ஷன் ஒயர், எல்லாம் வைத்தாயிற்று. அவள் கிட்டாரின் கம்பியில் கை வைத்துக்கொண்டே மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். உதடு பட்டது. "அம்மா!" என்று பின்னால் துள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தேள் கொட்டின மாதிரி இருக்குங்க."

"அதெப்படி? வீட்டுல ஒண்ணும் ஆகலையே" என்றார் லிஃப்ட்காரர்.

"வீட்டுல மைக் இல்ல."

"ஹால் ஒயரிங் சரியில்ல. இல்லன்னா மைக்குல கோளாறு. உன் உதடு ஈரமா இருந்திருக்கும்."

"மாமா, ஈரம் இல்லாத உதட்டுக்கு நாங்க எங்க போறது?" என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயன்றாள். மறுபடி சுர்ரென்றது. "அந்தப் புது டப்பாவக் கழட்டிடுங்க. அது வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி" என்றாள். ஃபில்டரைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்குமா? கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அவள் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாடிப் பார்த்தாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, "வேற யாரையாவது பாடச் சொல்லுங்க. நான் பின்னாடியே வாசிச்சுக்கறேன்" என்றாள். அன்றிரவு வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அது அவரை அரித்தது. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டி, கிட்டார், எக்ஸ்டென்ஷன், மீட்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தனியாக அந்த ஹாலுக்குப் போனார். ஹால் ஒயரிங்கின் மானத்தை வாங்குவதுதான் நோக்கம். சுவரில் இருந்த ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த்தைச் சோதித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெட்டியை எக்ஸ்டென்ஷனில் செருகி, கிட்டார் கம்பிக்கும் ஹால் மைக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெட்டியை நேராகச் சுவரில் செருகினார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுபடி எக்ஸ்டென்ஷன் வழியாகச் செருகினார். மறுபடி நூறு.

எக்ஸ்டென்ஷனின் பிளக்கைத் திறந்தார். உள்ளே பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர், எதிலும் சேராமல் வெட்டப்பட்டுக் கிடந்தது. நுனியில் கறுப்பு டேப். டேப்பின் முனை, பிரிக்க வசதியாகக் காது மாதிரி மடிக்கப்பட்டிருந்தது. டேப்பை அப்படி மடிக்கிறவர் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மேடையில் கிட்டார் 'ம்ம்ம்' என்று இரைந்தது. மைக் போய்ச் சேரும் மிக்சர் பெட்டி ஒரு சாக்கெட்டில், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு சாக்கெட்டில், இரண்டு எர்த்தும் சுற்றி வந்து சேர்ந்ததால் வந்த இரைச்சல் அது. நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிஷம். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற லிஃப்ட்காரர் எக்ஸ்டென்ஷனின் பச்சை ஒயரை வெட்டினார். இரைச்சல் நின்றது. எல்லோரும் கை குலுக்கினார்கள். பிறகு சேர்த்துவிடலாம் என்று நினைத்தார், மறந்தே போனார்.

ஃபில்டர் தடுக்கும் குப்பையில் கொஞ்சத்தை எர்த்தில்தான் தள்ளும். கூடவே ஒரு துளி கரண்டும் போகும். அதன் அமைப்பே அப்படி. எர்த் இல்லையென்றால் அந்தத் துளி பெட்டியின் உடம்பில் நின்று, கம்பிக்கு வந்து, அவள் கைவழியாக, எர்த்துள்ள மைக்கைத் தொட்ட உதட்டைத் தேடிப் போயிருக்கிறது.

இப்போது அவருக்கு எளிதான வழி ஒன்று இருந்தது. பச்சை ஒயரைச் சேர்த்துவிட்டு, ஹால்காரனைத் திட்டிச் சரிசெய்ய வைத்தேன் என்று சொல்லலாம். யாரும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த வசனத்தை மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தார். வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிளக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஹால் தப்பு இல்லம்மா."

"அப்ப என் உதட்டுத் தப்பா?"

"என் தப்பு. எர்த்தை நான்தான் வெட்டினேன். அன்னிக்கு கிட்டார் இரைஞ்சுதே, அப்ப."

அவள் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா நான் இந்த ஒயரைத்தான் தூக்கிட்டு அலையறேனா?"

"ஆமா."

"ஃபில்டர் போடாம இருந்திருந்தா?"

"தெரிஞ்சே இருக்காது. என்னிக்காவது பெட்டிக்குள்ள ஒரு ஒயர் அறுந்து அதோட தகர உடம்புல பட்டிருந்தா..."

"முடிங்க."

"கம்பியப் பிடிச்ச கையை நீ எடுத்திருக்க முடியாது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. "ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் எர்த் பாக்கறீங்க" என்று மட்டும் சொன்னாள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.  மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "விழாவுல நான்தான் பாடறேன். ஆனா முதல்ல நீங்க உதட்ட வைக்கணும். எல்லார் முன்னாடியும்" என்றாள்.

விழாவன்று பச்சை ஒயர் அதன் இடத்தில் இருந்தது. மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சாக்கெட்டில் கொடுத்தார், அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. இரைச்சல் லேசாக, காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். பூஜ்யம்.

"மீட்டரா பாடப்போகுது?" என்றாள்.

கூட்டம் உட்கார்ந்தாயிற்று. லிஃப்ட்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினார். அவள் தோளில் தொங்கிய கிட்டாரின் கம்பிகளை ஒரு கையால் இறுகப் பிடித்து, கண்ணை மூடி, மைக்கில் உதட்டை வைத்தார். மைக்கை யாரோ அதற்குள் ஆன் செய்திருந்தார்கள். 'ப்ச்' என்று ஹால் முழுக்க முத்தச் சத்தம் போயிற்று. மச்சான் விடுவானா? டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டினான். கூட்டம் சிரித்தது. அசடு வழிய அவர் கீழே இறங்கினார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் இறங்கி முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு கம்பியில் கை வைத்தாள், மைக்குக்கு நெருங்கினாள், ஒரு நொடி நின்றாள். உதடு பட்டது. பாட ஆரம்பித்தாள்.

இப்போதும் ஒவ்வொரு மேடையிலும் முதலில் அவர்தான். மீட்டர் என்ன காட்டினாலும், அவர் உதட்டை வைத்து எடுக்காமல் அவள் பாடுவதில்லை.