தந்திப் பையோடு நின்ற கால்மணி நேரம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நாகர்கோவில் தெருக்களில்தான். எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. தந்தி ஆபீசில் சேவகன் வேலை. காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, ஒரு பழைய சைக்கிள். எங்கள் பக்கத்தில் தந்தியைக் கம்பி என்பார்கள். அதனால் நான் கம்பிக்காரர்.

வடசேரிப் பக்கம் காலையில் போனால் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். சிவப்பும் பச்சையுமாக வெயிலில் அது கிடக்கிற அழகுக்காகவே சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போவேன். ஆனாலும் எனக்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிது. யார் வாயிலிருந்தாவது நல்ல பேச்சு ஒன்று விழுந்துவிட்டால், வீணாய்ப்போன தந்தி ஃபாரங்களின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அந்தத் தாள்களைத் தைத்து ஒரு நோட்டாக வைத்திருந்தேன். சாப்பிட மறந்தாலும் அதை மறந்து வெளியே போனதில்லை.

நோட்டில் பாதிக்குமேல் ஒருத்தியுடைய பேச்சு. கடியப்பட்டணத்து மீன்காரி. விடியுமுன்னே கிளம்பி, தலையில் கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வாள். தெருமுனைக் குழாயடியில் ஓலைக் கடவத்தை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். திரும்பத் தலையில் ஏற்ற இன்னொரு ஆளுடைய கை வேண்டும். அந்த நேரத்துக்கு நான் அங்கே இருந்தால் என் கைதான். "கவர்மெண்டே வந்து தூக்கி விடுது, எனக்கென்ன கொறச்சலு!" என்பாள். அதுவும் நோட்டில் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு தந்தி வந்தது. கிளார்க் அதை என் கையில் கொடுத்தபோது வழக்கத்துக்கு மாறாக என் முகத்தைப் பார்த்தார். "மக்கா, ஓட்டமாப் போ. பொண்டாட்டிக்குக் கம்பி அடிச்சிருக்கு. ஆளு திருநெல்வேலி ஆஸ்பத்திரில கெடக்கான். ஒம்பதே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு உண்டு. அதை விட்டா மத்தியானந்தான்" என்றார்.

மிதித்தேன். ஒன்பது இருபதுக்குத் தெருமுனைக்கு வந்துவிட்டேன். தந்தி போய்ச் சேர வேண்டிய வீட்டு நடையில் மீன்காரியின் கடவம் இறங்கியிருந்தது. தந்திக்கு உரியவள் குனிந்து நின்று சாளை மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது நேத்து செத்ததா, முந்தாநாளு செத்ததா?"

"யக்கா, செத்ததே அதுக்கு இன்னும் தெரியாது. கண்ணைப் பாரும், உம்மளைப் பாத்து முழிச்சிட்டுக் கெடக்கு."

"முழிக்கலட்டி, மொறைக்கி. இந்த வெயில்ல சொமந்துட்டு வந்தாளேன்னு ஒன்னைத்தான் மொறைக்கி."

நான் விளக்குக் கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்தேன். இந்த ஒன்று முடியட்டும் என்றுதான் நினைத்தேன். பேச்சு முடியவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று.

"கடலு ஒனக்க வீட்டு முத்தத்துல கெடக்கு. ஒரு சாளை கூடப் போடச் சொன்னா அழுவுக."

"முத்தத்துல கெடந்தா? அது எனக்க சொல்லா கேக்குது? உமக்க வீட்டுக்காரரு பஸ்ஸுல போனாரு, பஸ்ஸுல வருவாரு. எனக்க ஆளு போனா, கடலைக் கேட்டுத்தான் நா அடுப்பு பத்த வைக்கணும்."

அந்த வீட்டம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "வந்தாருன்னா ஒன்னையும் கூட்டிட்டு பஸ்ஸுல போவச் சொல்லுகேன், போட்டி!"

தோளில் பை இருந்தது. பைக்குள் அந்த வீட்டுக்காரருடைய சேதி இருந்தது. அந்த இடத்திலாவது நான் அசைந்திருக்க வேண்டும். நானோ, கடலைக் கேட்டு அடுப்பு பற்றவைக்கிறதை மறந்துவிடக் கூடாதே என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், கடைசியாக ஒரு தடவை சிரித்துக்கொள்ளட்டும் என்று நின்றேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொன்னதுண்டு. அது பொய். அடுத்த பதில் என்ன வரப்போகிறது என்று கேட்கத்தான் நின்றேன்.

கால்மணி நேரம் கழித்து அந்த வீட்டம்மா மீனோடு உள்ளே திரும்பும்போதுதான் போய்க் கூப்பிட்டேன். இங்கிலீஷில் இருந்ததை, கிளார்க் சொன்னதை வைத்து, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரசீதில் அவள் கையெழுத்துப் போட்ட இடத்தில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டது. கொடுத்த நேரத்தை என் கையால் ஒன்பது இருபது என்று எழுதினேன். தெருவுக்கு வந்து சேர்ந்த நேரம் அதுதானே!

கட்டியிருந்த சேலையோடு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. மத்தியான பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டி அவள் திருநெல்வேலிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மணி வரைக்கும் உயிர் இருந்ததாம். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். தெருவில் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரசீதுதான் சரியாக இருந்ததே.

பிறகு கொஞ்ச நாள் மீன்காரியைக் காணவில்லை. ஒரு காலையில் குழாயடியில் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"ஓய், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீரு கம்பத்துக்கிட்ட நின்னதை நா பாத்தேன். பொம்பளையளு பேசிட்டு இருக்காளுவன்னு மரியாதைக்குத்தானே நின்னீரு? எனக்க வாயி கொஞ்சம் அடங்கியிருந்தா அந்த அக்கா பஸ்ஸைப் பிடிச்சிருப்பாவளே. அந்த நடையில கடவத்தை எறக்க எனக்குக் கை வரல்ல. வாயத் தொறந்தாலே பயமா இருக்கு."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் அந்தப் பாரத்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு போயிருப்பாள். என்னால் முடியவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "ஒனக்க மேல ஒண்ணும் இல்ல. நீ பேசுனதைக் கேக்கத்தான் நா நின்னேன். எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.

"வாசியும்."

வாசித்தேன். மீன் முழித்ததை வாசித்தேன், பஸ்ஸில் போனவரை வாசித்தேன், கடலைக் கேட்டு அடுப்பு பற்றவைக்கிறதையும் வாசித்தேன். அத்தனை தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்த பேச்சு, அந்தக் குழாயடியில் மளிகைச் சிட்டை மாதிரி இருந்தது.

அவள் குழாய்த் திண்டில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்காவவா நின்னீரு?"

"ஆமா."

"இது சும்மா பேச்சுலா ஓய். நாளைக்கும் பேசியிருப்பேனே."

எழுந்து கடவத்தின் விளிம்பைப் பிடித்தாள். நான் வழக்கம்போல் குனிந்து கை கொடுத்தேன். "வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீருக்கு யாராவது பெண் வரட்டும் என்று கடவத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் ஒருத்தரும் வரவில்லை. நான் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் குடத்தோடு ஒரு கிழவி வந்து தூக்கிவிட்டாள். மீன்காரி அந்தத் தெருவழியாகவே போனாள். மீன் என்று ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.