புதிய லைனில் போகாத படங்கள்

ராசிபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு சேலத்தில். தேவைப்படும்போது பஸ் ஏறிப் போய் வருவேன். அந்த மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் உண்டு, படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் கிடையாது. அவர் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தார். ஸ்கேன் முடிந்ததும் படங்கள் தானாகவே அவருடைய கணினிக்குப் போய்ச் சேரும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

சாலை வேலைக்குத் தோண்டும்போதெல்லாம் பழைய இணைய லைன் அறுந்துகொண்டிருந்ததால், நிர்வாகம் வேறொரு கம்பெனியின் லைனை வாங்கியது. அதை மாட்டிய அன்று காலை நானும் போயிருந்தேன். சேலத்துக் கணினியோடு தொடர்பு கிடைத்தது. பாஸ்வேர்டை ஏற்றது. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிய சோதனைக் கோப்பும் உடனே போனது.

மதியம் ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து தலையில் அடி. பேசினார், ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கூட அவர் மனைவியும், மனைவியின் தம்பியும். ஸ்கேன் எடுத்தாயிற்று. சேலத்து டாக்டரோ ஒன்றும் வரவில்லையே என்று போன் செய்தார்.

எங்கள் திரையில் முதல் படமே பாதியில் நின்றிருந்தது. சிறிது நேரம் கழித்து அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் நின்றது. பழைய லைனுக்கே திரும்பலாம் என்றால் அது முந்தைய நாளே அறுந்து கிடந்தது. ஸ்கேன் டெக்னீஷியன் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தார். இதை வைத்து முடிவு சொல்ல முடியாது, முழுப் படங்களும் வேண்டும் என்றார் டாக்டர்.

டிரைவரின் மனைவி கதவருகே வந்து நின்றார்.

"ஏனுங்க, படம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. லைன்ல ஏதோ கோளாறு. பார்த்துட்டு இருக்கேன்."

"அதுக்கு எதுக்குங்க காத்திருக்கோணும்? கையில குடுக்கற மாதிரி இருந்தாக் குடுங்க. என்ற தம்பி கொண்டோயிக் குடுத்துருவான்."

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். உடனே படங்களை ஒரு சி.டி. தட்டில் பதிந்து கொடுத்தார். தம்பி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

நான் சோதனைக் கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி அனுப்பிப் பார்த்தேன். ஓர் அளவு வரை போனது. அதற்கு மேல் போனால் நின்றது. அப்போதுதான் பிடிபட்டது. எந்தக் கோப்பும் சிறு சிறு பொட்டலங்களாக உடைந்துதான் லைனில் போகும். பழைய லைன் தாங்கிய பொட்டலத்தை விடச் சற்றுச் சிறியதைத்தான் புதிய லைன் தாங்கும். பெரியது வந்தால் கீழே போட்டுவிடும். 'சிறிதாக்கி அனுப்பு' என்று அது திருப்பிச் சொல்லும் தகவலை வழியில் ஏதோ ஒரு பாதுகாப்பு ஏற்பாடு தடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் கணினி ஒன்றும் தெரியாமல் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பியது. ரூட்டரில் அந்த அளவைக் குறைத்தேன். நின்றிருந்த படம் முழுதாகப் போனது, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது.

தம்பி அப்போது சேலம் போகும் வழியில் மல்லூரைத் தாண்டியிருப்பார். டாக்டரிடமிருந்து போன் வந்தது. மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதிக்காமல் இங்கே அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் தயாராகத்தான் நின்றது. ஏறும்போது அந்த அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"என்ற தம்பியைத் திரும்பி வர வேண்டாமுன்னு சொல்லிருங்க. அங்கயே இருக்கட்டும்."

அவருடைய போனிலிருந்து எண்ணை வாங்கி நானே பேசினேன். ஏற்கெனவே சேலம் போய் சி.டி.யைக் கொடுத்துவிட்டு, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் என்பதைச் சொன்னேன். "சரிங்க, நான் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கறேன்" என்றார்.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். பல மாதங்கள் கழித்து டெக்னீஷியன்தான் சொன்னார்: மறுபடி லாரி ஓட்டுகிறாராம். லோடு மேல் ஏறுவது மட்டும் இல்லையாம், வீட்டில் விடுவதில்லையாம்.