சின்னம்மா ‘ஏலாது’ சொல்லப் பழகிய கதை

எங்கள் தீவில் யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் தேத்தண்ணி, வந்த விசயம் பிறகுதான். வந்தவர் கடல் தாண்டி வந்திருந்தால் தேத்தண்ணியோடு கடிக்கவும் ஏதாவது இருக்கவேண்டும். நயினாதீவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடல் தாண்டித்தான் வரவேண்டும் என்பதால், இந்தச் சட்டத்திலிருந்து யாருக்கும் விலக்கில்லை. எல்லைவேலி வழக்கில் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த ஒருவர்கூட எங்கள் வீட்டில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போய்ச் சாட்சி சொன்னார். இந்த வழக்கத்தால்தான் சின்னம்மாவுக்குக் கிடைக்கவேண்டிய அரசாங்கக் கொடுப்பனவு முதல்முறை இல்லாமல் போனது.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் செல் குண்டு விழுந்து, அவருடைய வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே சின்னம்மாமார் எல்லாருமே ஒரு கையோடுதான் இருப்பார்கள் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். அவர் கலியாணம் செய்யவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்கு அம்மன் கோயில் வீதியில் ஒரு தேத்தண்ணிக்கடை. காலை லோஞ்சுப் படகில் வந்து இறங்கும் சனத்துக்கான ரொட்டியும் சம்பலும் எங்கள் குசினியிலிருந்துதான் போகும். அதில் பெரும்பங்கு சின்னம்மாவின் வேலை.

ஒரு கையால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சின்னம்மா கயிற்றை ஒரு முழம் இழுப்பார், இழுத்ததைக் காலால் மிதித்துப் பிடிப்பார், பிறகு அடுத்த முழம். வாளி மேலே வந்து சேரும்போது ஒரு சொட்டும் சிந்தியிராது. மரக்கறி வெட்டுவதற்கு ஒரு பலகையில் நீட்டு ஆணி அடித்து வைத்திருந்தார். கத்தரிக்காயோ பழமோ, அதை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு வெட்டுவார். என் வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து நான் இதைக் காட்டியிருக்கிறேன். காட்டும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு எதற்குக் கொடுப்பனவு என்று கேட்டால், அதற்குக் காரணம் கனடாவிலிருந்த மாமா. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர், நல்ல மனிதர். மாதாமாதம் காசு அனுப்புவார். காசோடு ஒரு தொலைபேசி அழைப்பும் வரும். "நீ ஒண்டும் செய்யாதை, சும்மா இரு" என்பதுதான் அதன் சாரம். பிறகு பிறகு அது வேறு மாதிரிப் போனது. யாழ்ப்பாணத்தில் ஏலாத ஆட்களை வைத்துப் பார்க்கும் ஒரு நல்ல இல்லம் இருக்கிறதாம், தான் காசு கட்டுகிறாராம், சின்னம்மா எத்தனை நாளைக்குத்தான் தன் அக்காவுக்குப் பாரமாக இருப்பது என்று கேட்கத் தொடங்கினார். சின்னம்மா தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பார். ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார், அங்கம் இழந்தவர்களுக்கான இந்தக் கொடுப்பனவு பற்றிச் சொன்ன அன்றே அவர் தீர்மானித்துவிட்டார். தன் பேரில் ஒரு வருமானம் வந்தால், தான் யாருக்கும் பாரமில்லை என்று மாமாவுக்குச் சொல்லிவிடலாம்.

"அண்ணையின்ரை காசுக்கு மாசாமாசம் கேள்வி. கவுண்மெந்துக் காசுக்கு ஒருக்காத்தானே கேப்பினம்," என்றார். கவுண்மெந்தை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

விடிய லோஞ்சு ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டும். ஒருநாள் உரியவர் லீவு. ஒருநாள் உரியவர் இருந்தார், கோப்பு வேறு மேசைக்குப் போயிருந்தது. பிறகு பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது இடப்பெயர்வில் போன பொருட்களோடு போயிருந்தது. டொக்டர் கொடுத்த மெடிக்கல் ஆறு மாதத்துக்கு முந்தியது, புதிதாக எடுத்துவரச் சொன்னார்கள். "ஆறு மாசத்திலை கை முளைச்சிருக்குமோ எண்டு பாக்கினம் போலை," என்றார் அப்பா. கடைசியாக எல்லாம் சரிவந்த ஒருநாள், பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். கிளாக்கர் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இந்தக் கையெழுத்து அடையாள அட்டையிலை இருக்கிறதோடை ஒத்துவரேல்லையே, அக்கா."

"அது வலது கையாலை வைச்சது, தம்பி."

"அப்ப இதையும் அந்தக் கையாலேயே வைச்சுத் தாங்கோவன்," என்றார் அவர், தலை நிமிராமலே.

பிறகு நிமிர்ந்தார். அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பறவாயில்லைத் தம்பி, நானும் சிலநேரம் மறந்துபோறனான்," என்று அவரை ஆறுதல்படுத்தவேண்டியிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. விதானையாரிடம் ஒரு கடிதமும் சமாதான நீதவானிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு மறுபடியும் கடல் தாண்டினோம்.

இவ்வளவுக்கும் பிறகு, சின்னம்மாவின் நிலைமையை நேரில் பார்க்க ஓர் இளம் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். வரும் நாளை முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தார். சேர்ட்டெல்லாம் வியர்வையில் ஒட்ட, அவர் படலையில் நின்று கூப்பிட்டதுதான் தாமதம், சின்னம்மாவுக்குக் கொடுப்பனவும் மறந்தது கோப்பும் மறந்தது. கடல் தாண்டி வந்த பிள்ளை! கிணற்றில் தண்ணீர் அள்ளி முகம் கழுவக் கொடுத்தார். அடுப்பை மூட்டினார். ஆணிப்பலகையில் பப்பாசிப்பழம் வெட்டினார். பயற்றம் பணியாரத் தகரம் அலுமாரிக்கு மேலே இருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி அதையும் எடுத்தார்.

"அக்கா, இவ்வளவும் நீங்கள் தனியவோ?" என்று அவர் வாய் பிளந்தார்.

"ஓம் தம்பி, வேறை ஆர்?"

"சின்னம்மா சைக்கிளும் ஓடுவா," என்று என் பங்குக்கு நானும் சொன்னேன்.

அவர் வயிறாரச் சாப்பிட்டு, மனதாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். சில வாரங்களில் கடிதம் வந்தது. தன் அன்றாடக் கருமங்களைப் பிறர் உதவியின்றிச் செய்யக்கூடியவர் என்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "பணியாரமும் குடுத்துக் காசையும் வேண்டாமெண்டு அனுப்பியிருக்கிறம்," என்றார் அப்பா. சின்னம்மா மட்டும் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"அந்தப் பெடியன் எழுதினதிலை ஒரு பிழையும் இல்லையே," என்று சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தார்.

மேன்முறையீடு செய்தோம். செய்தியறிந்த மாமா, இந்த முறையும் சரிவராவிட்டால் இல்லத்துக்குக் காசு கட்டிவிடப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பகிடி விடவில்லை. பின்னேரங்களில் ஒத்திகை தொடங்கியது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உத்தியோகத்தர் ஆவார். சின்னம்மா கதிரையில் இருப்பார். எந்தக் கேள்விக்கும் முடியாது என்ற ஒரே பதில்தான், அது ‘ஏலாது’.

"சமைப்பீரோ?"

"ஏலாது."

"உடுப்புத் தோய்ப்பீரோ?"

"ஏ… தோய்க்கிறனான்தானே அத்தான்! நேற்று உங்கடை சாறத்தையும் ஆர் தோய்ச்சது?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்ப்பார். எனக்கும் ஓர் ஒத்திகை இருந்தது. நான் வாயே திறக்கக்கூடாது.

இரண்டாம் முறை வந்தவர் வயதான பெரிய உத்தியோகத்தர், ஒரு பெண். கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் அதே இளம் உத்தியோகத்தர். இம்முறை நாள் சொல்லித்தான் வந்தார்கள். சொல்லிவைத்தபடி சின்னம்மா கதிரையில் இருந்தார், அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார். வந்தவர்களுக்கு முன்னால் ஒன்றும் செய்யாமல் இருப்பது சின்னம்மாவுக்கு என்ன பாடாக இருந்தது என்பதை அவருடைய கால் சொல்லியது. அது நிலத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

"தண்ணி அள்ளுவீரோ?" என்று பெரிய உத்தியோகத்தர் கேட்டார்.

"ஏலாது."

வேறு யாரோ சொன்னது போல் இருந்தது. ஒத்திகையில் விளையாட்டாகக் கேட்ட சொல்தான். ஆனால் அன்று, பிறத்தியார் முன்னால், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சின்னம்மா அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சமையல்?"

சின்னம்மாவின் கால் தட்டுவதை நிறுத்தியது. அப்பா இருமினார். மறுபடியும் இருமினார்.

"சமைப்பன், மிஸ். தண்ணியும் அள்ளுவன். முதல் சொன்னது பொய், குறை நினையாதேங்கோ."

"எல்லாம் ஏலுமெண்டால் நான் என்னத்தை எழுதுறது?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எனக்கும் தெரியேல்லை, மிஸ். ஏலாது எண்டு சொல்ல வாய் வருகுதில்லை. கை போன நாள் தொடக்கம் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல்தான் நான் எழும்பி நடமாடுறன்."

உத்தியோகத்தர் பேனையை மூடினார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது, சின்னம்மாவை இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு கெட்டிக்காரியைக் கொண்டுபோய் அங்கே வைப்பதா? சின்னம்மா எப்பேர்ப்பட்டவர் என்று இவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரிந்தால் விடமாட்டார்கள் என்று நினைத்தேன். வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"எங்கடை சின்னம்மா நித்திரையே கொள்ளுறேல்லை, மிஸ்! எல்லாரும் படுத்துக் கிடக்கேக்கையே எழும்பிடுவா. சேவல் கூவ முன்னம் தண்ணி நிறைச்சு, தேங்காய் துருவி, மாக் குழைச்சு எல்லாம் முடிச்சிடுவா. நான் பக்கத்திலை படுக்கிறனான், எனக்குத் தெரியும். கை நொந்தாலும் சீலைத் தலைப்பைப் பல்லாலை கடிச்சுக்கொண்டு செய்வா. சத்தமே போடமாட்டா!"

"எந்தக் கை நோகும், பிள்ளை?"

"இல்லாத கை," என்றேன் பெருமையோடு. அப்படி ஒரு கை நோவது ஊரில் வேறு யாருக்கும் இல்லையே.

தேத்தண்ணித் தட்டோடு அம்மா குசினி வாசலில் நின்றுவிட்டார். அப்பா இருமவில்லை.

"சின்னப்பிள்ளை சும்மா பேய்க்கதை உளறுது, மிஸ்," என்றார் சின்னம்மா. ஆனால் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏன் இருட்டோடை எழும்பிறனீர்?" உத்தியோகத்தரின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"ஒரு கையாலை செய்ய நேரம் கூட எடுக்கும், மிஸ். விடிஞ்சாப்பிறகு செய்தால் எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம். பாவமெண்டு அக்கா வந்து பறிச்சுச் செய்வா. பிறகு இந்த வீட்டிலை நான் என்னத்துக்கு?"

உத்தியோகத்தர் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். தேத்தண்ணி ஆறும்வரை எழுதினார். போகும்போது அந்த ஆறிய தேத்தண்ணியையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனார்.

அன்று என்னை யாரும் ஏசவில்லை. முதல்முறை சைக்கிள் கதை சொன்னதற்கே காதைத் திருகிய அம்மா, இம்முறை என் பக்கம் திரும்பவுமில்லை. சின்னம்மாவோடும் பேசாமல் கிணற்றடியில் போய் நின்றார். கூடுதலாகப் புகழ்ந்து நான்தான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோய் இருந்தேன்.

ஆனால் கொடுப்பனவு கிடைத்தது. அனுமதித்த கடிதத்தை, இடைநடுவில் வாசிப்பதை நிறுத்திச் சின்னம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டார். மறுத்த கடிதம்தான் அலுமாரிக்குள் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்றைக்கே மாமாவுக்குத் தானே அழைப்பு எடுத்தார். "அண்ணை, இல்லத்துக்குக் கட்டுற காசை வேறை ஆருக்கும் குடுங்கோ. எனக்கு இஞ்சை அலுவல் கிடக்கு," என்றார். இம்முறை தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்கவில்லை. அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அடுத்த நாள் காலை நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. யன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சின்னம்மா, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஆழ்ந்த நித்திரை. வெயிலில் அவர் படுத்திருந்து நான் கண்டதே இல்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். உலுப்பினேன். "விடு பிள்ளை, கொஞ்சம் கிடக்கிறன்," என்று முனகிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே அம்மா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மாக் குழைத்த கையை இன்னும் கழுவவில்லை.

"அம்மா, சின்னம்மாவுக்குப் பெரிய வருத்தம்!"

"கத்தாதை. படுக்கட்டும்," என்றார் அம்மா. அவருடைய கண் ஏன் கலங்கியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் நோய் கடுமைதான் என்று முடிவுசெய்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் கோயில் வாசலில் நின்று, சின்னம்மாவை நாளைக்காவது இருட்டோடு எழும்பப் பண்ணிவிடு தாயே என்று அம்மனை அழுது கும்பிட்டுவிட்டுப் போனேன்.