ஒழுக வேண்டிய கூரை

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். சிரிப்பார்கள், தமிழில் வணக்கம்கூடச் சொல்வார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வீடில்லாமல் வந்து நிற்கிற சனத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? வரியைப் பற்றிப் பேசத் தயாராக வந்தவர்கள் முழிப்பார்கள். நன்றாக முழிக்கட்டும். பதில் வராமல் நான் விடுவதில்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு ஒரு கொட்டிலில் இருந்து வந்தது. அதுவும் எங்களுடைய கொட்டில் அல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கனடாவில் பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் வீடு வாங்கி வந்த முதல் இலையுதிர்காலம். பக்கத்து வீட்டில் ஒரு யூத அன்ரியும் அவருடைய இரண்டு பெடியன்களும் இருந்தார்கள். ஒருநாள் மூவருமாகப் பின்வளவில் பலகைகளை நிறுத்திக் கொட்டில் ஒன்று கட்டினார்கள். கூரைக்குச் சில மரக்கொப்புகளை ஐதாகப் பரப்பினார்கள், அவ்வளவுதான். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"உவைக்குக் கூரை போடத் தெரியேல்லை. ஒரு மழைக்கும் தாங்காது," என்றார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு மாரிமழை முழுக்கத் தறப்பாள் சீலைக்குக் கீழே கிடந்தவர் அப்பா. இங்கே சொந்த வீடு வாங்கிய பிறகும் கராஜில் ஒரு நீலத் தறப்பாளை மடித்து வைத்திருந்தார். எதற்கு என்று அம்மா கேட்டால், "கிடக்கட்டும்" என்பார்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் வேறொரு கதையும் அடிபட்டது. முனையில் பூட்டிக் கிடந்த மோட்டலை அகதிகள் தங்கக் கொடுக்கப்போகிறார்களாம். அது பற்றித் தெருச் சனத்தின் விருப்பம் கேட்க நகரசபை கூட்டம் ஒன்று வைக்கவிருந்தது. எதிர்த்துக் கை தூக்குவதென்று அப்பா முடிவுகட்டிவிட்டார். வீட்டு விலை விழுந்துவிடுமே.

"நீங்களும் கனடா வந்த புதிசிலை பார்க்டேலிலை உப்பிடி ஒரு இடத்திலைதானே படுத்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"அது அப்ப," என்றார் அப்பா.

கொட்டில் கட்டிய அன்று பின்னேரம் வானம் இருட்டியது. அன்ரி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அப்பா ஏணியோடு வேலியைக் கடந்தார். கொட்டிலின் மேல் தறப்பாளை இழுத்து மூலைகளை இறுக்கிக் கட்டினார். சொட்டுத் தண்ணீர் இறங்காது. அப்படியொரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

பொழுதுபட்ட பிறகு அன்ரி வேலியோரம் வந்தார். அப்பாவின் ஆங்கிலம் தொழிற்சாலைக்குத்தான் காணும் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பு. உன் அப்பாவுக்கு மிக நல்ல மனம் என்றார் அன்ரி. பிறகு, உள்ளே இருந்து பார்த்தால் வானம் தெரியவில்லை என்றார்.

"மழை வானத்திலை பாக்க என்ன கிடக்காம், கேள்," என்றார் அப்பா.

கூரை கொஞ்சம் ஒழுகினால் தங்களுக்கு நல்லது என்றார் அன்ரி. அதை நான் தமிழில் சொன்னதும் அப்பா என்னை முறைத்தார்.

"வடிவாக் கேட்டுச் சொல்லு பிள்ளை."

அன்ரி சுற்றிச் சுற்றிப் பேசினாரே தவிர, கழற்றுங்கள் என்று வாய்திறக்கவில்லை. மூத்த பெடியன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். அன்று மாலை சுக்கோத் பண்டிகை தொடங்கிவிட்டது. தொடங்கியபின் அவர்கள் கட்டவும் கூடாது, அவிழ்க்கவும் கூடாது, அவிழ்க்கும்படி பிறரைக் கேட்கவும் கூடாது. அவர்களுடைய முன்னோர் அடிமைகளாயிருந்த நாட்டைவிட்டு வெளியேறி, பாலைவனத்தில் கொட்டில்களில் இருந்தார்களாம். அது மறக்காமலிருக்க இந்த நாட்களில் சாப்பாடு இதற்குள்தான். கூரையால் நட்சத்திரம் தெரியவேண்டும்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மறக்கத்தானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்," என்றார். ஆனாலும் ஏணியில் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார்.

அன்ரி எங்களை உள்ளே இருத்திச் சூப் தந்தார். மழை தூறத் தொடங்கியது. முதல் நாள் என்பதால் கொஞ்ச நேரமாவது இருக்கவேண்டும் என்று அவர்கள் எழும்பவில்லை. சூப்புக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெடியன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்பா தறப்பாளை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே இருந்தார். சூப்பைத் தொடவில்லை.

சில நாட்களில் மோட்டல் பற்றிய கூட்டம் நடந்தது. அப்பா என்னையும் கூட்டிப்போனார். அன்ரி எங்கள் வரிசையில் இருந்தார். வாகனத் தரிப்பிடம், சத்தம், பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பலர் பேசினார்கள். அகதிகள்மேல் எல்லோருக்கும் இரக்கம் இருந்தது, அதற்குப் பின்னால் ஓர் 'ஆனால்' இருந்தது. மைக் வந்ததும் அப்பா எழும்பினார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"என்னட்டை நல்ல தறப்பாள் ஒண்டு கிடக்கு. உந்தச் சனத்துக்குக் கூரை குடுக்க உங்களுக்கு விருப்பமில்லையெண்டால், அதை எங்கை கட்டுறதெண்டு சொல்லுங்கோ. நான் வந்து கட்டிவிடுறன்."

மோட்டலை அகதிகளுக்குக் கொடுப்பதை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டபோது அன்ரி தூக்கினார், அப்பா தூக்கினார், பின்னால் இன்னும் சிலர் தூக்கினார்கள். பெரும்பான்மை எங்கள் பக்கம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. இறக்கச் சொன்ன பிறகும் அப்பா கையை இறக்கவில்லை.

எனக்கோ வெட்கத்தில் காது சுட்டது. பாவம் அப்பா, கூட்டம் எதற்கென்று விளங்காமல் கொட்டில் கதையை இங்கே கொண்டுவந்து குழப்பிவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டுக்கு நடக்கும்போது அவர் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னேன்:

"அப்பா, அங்கை ஒருத்தரும் தறப்பாள் கேக்கேல்லை."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "அப்ப நாங்களும் கேக்கேல்லை."

நாங்கள் ஏன் கேட்கவேண்டும், எங்களிடம்தான் ஒன்று இருக்கிறதே என்று எண்ணியபடி நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.